பழைய ஸ்டீரியோ ஸ்லைடு வியூவருக்குப் புது வெளிச்சம்: மதுரையில் இருந்தபடியே செய்துகொள்ள ஒரு வழிகாட்டி

ஒரே காட்சியின் இரண்டு படங்களைக் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டி, ஆழத்தோடு தெரியவைக்கும் கருவி ஸ்டீரியோ வியூவர். அதைப் பரணிலிருந்து இறக்கிப் புது பேட்டரி போட்டுப் பார்த்தால், படத்தின் நடுவில் ஒரு மஞ்சள் வட்டம் மட்டும் தெரிகிறது, ஓரமெல்லாம் இருட்டு. ‘பழைய சாமான், இவ்வளவுதான்’ என்று பலர் திரும்பவும் துணியில் சுற்றி வைத்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் ஸ்லைடு, அதாவது சட்டத்தில் பொருத்திய ஒளி ஊடுருவும் ஃபிலிம் படம், பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதற்குப் பின்னால் எரிகிற டார்ச் பல்புதான் அதைக் கெடுக்கிறது. இதைச் சரிசெய்ய எந்தச் சாமானை எங்கே கேட்பது, எதைச் செய்யவே கூடாது என்று சொல்லித் தர ஆளில்லாமல் நான் மிகவும் சிரமப்பட்டேன். அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் என்றதும் எல்லோரும் ‘இன்னும் பிரகாசமாக’ என்றுதான் யோசிக்கிறார்கள். ஸ்டீரியோ படத்துக்குப் பிரகாசம் கடைசித் தேவை. இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவு வெளிச்சம், படம் முழுக்கச் சீரான வெளிச்சம், நிறத்தை உள்ளபடி காட்டும் வெளிச்சம் ஆகிய மூன்றும் முதலில் வரவேண்டும். ஒரு கண்ணுக்குக் கூடுதலாகவும் மறு கண்ணுக்குக் குறைவாகவும் வெளிச்சம் போனால், மூளை இரண்டு படங்களையும் ஒன்றாகச் சேர்க்கத் திணறும். சிறிது நேரத்தில் தலை வலிக்கும்.

1. கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

ஸ்லைடை அளந்தாலே தெரிந்துவிடும். 41 மி.மீ. உயரமும் 101 மி.மீ. நீளமும் கொண்ட அட்டை அல்லது கண்ணாடிச் சட்டத்தில் பக்கத்துக்கு ஒரு படம் இருந்தால் அது ‘ரியலிஸ்ட்’ அளவு. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து டேவிட் ஒயிட் நிறுவனம் 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீரியோ ரியலிஸ்ட் கேமராவின் அளவு இது. கோடக் முதலிய நிறுவனங்களும் இதே அளவுக்கு வியூவர்கள் செய்தன. வட்டமான அட்டையில் ஏழு ஜோடிப் படங்கள் இருந்தால் அது வியூமாஸ்டர் ரீல். இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதல் வகைக்கானது. வியூமாஸ்டர் வைத்திருப்பவர்களும் 3, 6, 8 ஆகிய பகுதிகளை அப்படியே பின்பற்றலாம்.

அடுத்து, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரிய டார்ச் பேட்டரி இரண்டு போடுகிற வகை என்றால் கவலையில்லை. சுவர் பிளக்கில் சொருகும் வயர் இருந்தால் கவனம் தேவை. அமெரிக்காவிலிருந்து வந்த வியூவரின் டிரான்ஸ்ஃபார்மர் சுமார் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் வீட்டில் ஓடுவது 230 வோல்ட். ‘ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்று சொருகினால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். பழைய வயரின் ரப்பர் உறை தொட்டாலே உதிரும் நிலையில் இருக்கும் என்பதால் கையில் ஷாக் அடிக்கவும் வாய்ப்பு உண்டு. அந்த வயரைக் கழற்றித் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். இனி இந்த வியூவருக்குள் 12 வோல்ட்டுக்கு மேல் போகப்போவதில்லை.

2. இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால்: ஆவணங்கள்

மதுரையிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய இடம் காரைக்குடி. அங்கே முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய கேமராக்களுக்கு நடுவே இத்தகைய வியூவர்கள் எப்போதாவது தலைகாட்டும். போகும்போது இரண்டு பெரிய பேட்டரிகளும், உங்களிடம் இருந்தால் ஒரு ஸ்லைடும் எடுத்துப் போங்கள். பல்பு எரியாவிட்டால் பரவாயில்லை, அதை எப்படியும் எடுக்கத்தான் போகிறோம். லென்ஸ் இரண்டும் கீறலில்லாமல் இருக்கின்றனவா, ஃபோகஸ் திருகு திரும்புகிறதா, கண் இடைவெளியை மாற்றும் நெம்பு நகர்கிறதா என்று மட்டும் பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர் நிறுவனம் உங்கள் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்கும். அவற்றை முன்பே ஸ்கேன் செய்து வைத்திருந்தால் பார்சல் சுங்கத்தில் தேங்காது. விற்றவர் தரும் இன்வாய்ஸில் உண்மையான விலை இருக்கட்டும். வரி அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படும். ‘அன்பளிப்பு’ என்று எழுதச் சொன்னால் வரி விழாது என்று இன்னும் பலர் யோசனை சொல்கிறார்கள். அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. பேட்டரி எதையும் உள்ளே வைத்து அனுப்பக் கூடாது என்று விற்பவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டம் நூறு ஆண்டைத் தாண்டிய தொல்பொருட்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடை விதிக்கிறது. 1950-களின் பேக்கலைட் (பழைய காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்) வியூவருக்குச் சிக்கல் இல்லை. கைப்பிடி வைத்த மரத்தாலான, பாட்டனார் காலத்து ஸ்டீரியோஸ்கோப் என்றால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுப் பார்த்த பிறகே பெட்டி கட்டுங்கள்.

3. முதலில் சுத்தம்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். மங்கலுக்குப் பாதிக் காரணம் அழுக்குதான். எதையும் மாற்றாமல் சுத்தம் செய்தாலே படம் ஓரளவு தெளிந்துவிடும். என்ன மிச்சம் செய்யவேண்டும் என்பதும் அப்போதுதான் விளங்கும்.

பேட்டரி அறையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அது கசிவு. கசிந்தது ஆல்கலைன் பேட்டரி என்றால் காரம்; பஞ்சில் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தொட்டுத் துடைக்கவேண்டும். பழைய சாதாரண பேட்டரி என்றால் அது அமிலத் தன்மை உள்ளது. தண்ணீரில் கரைத்த சமையல் சோடா தொட்டுத் துடைக்கவேண்டும். எது கசிந்தது என்று தெரியாவிட்டால் சிறிய இடத்தில் இரண்டையும் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள்; எதில் நுரைக்கிறதோ அதுவே மருந்து. பிறகு ஈரப் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, தகட்டை நைசான உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிடுங்கள்.

லென்ஸுக்கு முதலில் காற்றுப் பம்பால் தூசியை ஊதுங்கள். தூசியோடு துடைத்தால் கீறல் விழும். அதன்பின் மெல்லிய துணியில் லென்ஸ் திரவம் சில துளிகள் விட்டுத் துடைக்கலாம். தின்னர், அசிட்டோன் இரண்டும் இந்த வேலைக்கு அருகிலேயே வரக் கூடாது. பிளாஸ்டிக் லென்ஸ் ஒரு நொடியில் பால் பூத்துவிடும்.

ஸ்லைடுக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளைப் பிளாஸ்டிக் அல்லது தேய்த்த கண்ணாடி ஒன்று இருக்கும். அதைக் கழற்றி ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் வகை பெரும்பாலும் பழுத்து மஞ்சளாகியிருக்கும். பல்பை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவிட்டால் நிறம் சரியாகவே வராது.

4. என்ன வாங்குவது, எங்கே, என்ன விலை

பழைய பல்பு பெரும்பாலும் பி.ஆர்.2 என்ற டார்ச் பல்பு வகை: 2.38 வோல்ட், அரை ஆம்பியர். அதாவது சுமார் 1.2 வாட் செலவழிக்கிறது. அதில் பெரும்பகுதி சூடாகப் போய்விடுகிறது. பேட்டரி இறங்க இறங்க வெளிச்சம் செம்மஞ்சளாகிறது. இதே அடியில் பொருந்தும் எல்.இ.டி. பல்பும் கிடைக்கிறது. அதைப் போட்டால் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவற்றில் பல டார்ச்சுக்காகச் செய்தவை. ஒளி ஒரே இடத்தில் குவிகிறது, நிறம் நீலம் பாய்கிறது. பிளஸ், மைனஸ் மாறினால் எரியவும் செய்யாது. நடுவில் இருந்த மஞ்சள் வட்டம் நீல வட்டமாக மாறும், அவ்வளவே.

நான் சொல்லும் வழி, சிறிய எல்.இ.டி. ஸ்ட்ரிப் துண்டுகளை வைத்து இரு கண்ணுக்கும் தனித்தனியே ஒரு வெள்ளைப் பலகை செய்வது. வாங்க வேண்டியவை இவை:

• 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப், மீட்டருக்கு 120 எல்.இ.டி., நிறம் 4000 முதல் 5000 கெல்வின் (ஒளியின் நிறச் சாயலைச் சொல்லும் அளவு), சி.ஆர்.ஐ. (கீழே விளக்கியிருக்கிறேன்) 95 அல்லது அதற்கு மேல். ரோலாக வாங்கினால் ரூ. 1,000-க்கு மேல் ஆகும்.
• பால் நிற அக்ரிலிக் ஷீட், 2 அல்லது 3 மி.மீ. கனம், வெட்டு மிச்சத் துண்டு: ரூ. 50 முதல் 100.
• 100 ஓம், 2 வாட், வயர்வவுண்ட் பொட்டென்ஷியோமீட்டர். கடையில் ‘வால்யூம் கண்ட்ரோல்’ என்றே கேட்கலாம்; ஆனால் வயர்வவுண்ட் என்று அழுத்திச் சொல்லுங்கள்: ரூ. 100-க்குள்.
• யூ.எஸ்.பி.யிலிருந்து 12 வோல்ட் தரும் கேபிள். கரண்ட் போனால் ரூட்டரைப் பவர் பேங்கில் ஓட்டுவதற்காக விற்கிறார்களே, அதுதான்: ரூ. 150 முதல் 300.
• அதற்குப் பொருந்தும் சாக்கெட், மெல்லிய வயர், அலுமினியப் பட்டை, வெப்பம் தாங்கும் இன்சுலேஷன் டேப்: எல்லாம் சேர்ந்து ரூ. 150.

சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் இல்லாதவர்கள் இன்னும் ரூ. 600 முதல் 800 வரை ஒதுக்கவேண்டும். தெரிந்த ரேடியோ மெக்கானிக் இருந்தால் ஸ்ட்ரிப்பை அவரிடம் கொடுத்து வயர் பற்றவைத்து வாங்கிக்கொள்ளலாம். இவை நான் வாங்கியபோது இருந்த விலைகள். கடைக்குக் கடை மாறும்.

டவுன் ஹால் ரோடும் அதையொட்டிய மேலமாசி வீதிப் பக்கமும் ஒருமுறை சுற்றினால் ஸ்ட்ரிப்பைத் தவிர மற்றவை கிடைத்துவிடும். பெரியார் பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். அக்ரிலிக்குக்குப் பெயர்ப்பலகை செய்யும் கடைகளுக்குப் போங்கள். அவர்களிடம் கழிவுத் துண்டுகள் குவிந்து கிடக்கும். உள்ளே விளக்கு எரியும் பலகைகளைச் செய்கிறவர்கள் என்பதால் எந்த ஷீட்டில் பல்பின் புள்ளி தெரியாது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். துண்டுக்குப் பின்னால் செல்போன் டார்ச்சை ஒரு செ.மீ. தள்ளிப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஸ்ட்ரிப் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடையில் கேட்காமலே எடுத்துத் தருவது 6500 கெல்வின் ‘கூல் டேலைட்’. அது நீலச் சாயல் அடிக்கும். சி.ஆர்.ஐ. என்பது நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கான அளவு, சாதாரண எல்.இ.டி.க்கு அது 80 அளவில் இருக்கும், சிவப்பு அதில் செத்துப்போகும். கோடக்ரோம் என்ற கோடக் கலர் ஃபிலிமில் எடுத்த ஸ்லைடின் உயிரே சிவப்பில்தான் இருக்கிறது. மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் எடுத்த ஒரு பழைய ஸ்லைடில், படியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் அரக்குப் புடவை மலிவு எல்.இ.டி.யில் காப்பிப் பொடி நிறத்தில் தெரிந்தது. 95 சி.ஆர்.ஐ. துண்டை வைத்ததும் அரக்கு அரக்காகவும், அதன் கரை மாம்பழ மஞ்சளாகவும் பிரிந்து நின்றன. ஸ்லைடுகளைப் பார்வையிடுவதற்கான ஐ.எஸ்.ஓ. 3664 தரநிலை 5000 கெல்வின் அளவிலான ஒளியைத்தான் வைத்திருக்கிறது. உள்ளூரில் கிடைக்காவிட்டால் இணையத்தில் வரவழையுங்கள், ஒரு வாரம் பொறுங்கள். மேலே சிலிக்கான் பூசிய நீர்புகா வகை வேண்டாம்.

கடைக்குப் போகும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் அடைத்திருக்கும். சித்திரைத் திருவிழாத் தேரோட்டம் மாசி வீதிகளில் நடக்கும்போதும், தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் அந்தப் பக்கம் சாமான் வாங்கப் போவது வீண் அலைச்சல்.

5. ஒளிப் பலகை

இந்த வகை ஸ்ட்ரிப்பில் மூன்று எல்.இ.டி.க்கு ஒருமுறை, அதாவது 25 மி.மீ.க்கு ஒரு இடத்தில், வெட்டுக்கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டில் மட்டுமே வெட்டவேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நான்கு துண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள். கண்ணுக்கு இரண்டு துண்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒரே வரிசை வைத்தால் படத்தின் மேலும் கீழும் நிழல் விழும்.

பழைய பல்பு இருந்த அறையில் உட்காரும் அளவுக்கு அலுமினியப் பட்டையை வெட்டி, அதன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் ஸ்ட்ரிப்பை ஒட்டுங்கள். டேப்பை விட்டுவிட்டால் வெட்டிய ஓரத்துச் செம்பு, அலுமினியத்தில் பட்டு ஷார்ட் ஆகும். இரண்டு படங்களின் மையத்துக்கும் நேராகத் துண்டுகள் வரவேண்டும். ஸ்லைடைப் பட்டையின் மேல் வைத்துப் பென்சிலால் குறித்துவிட்டால் பிசகாது.

நான்கு துண்டுகளின் பிளஸ் எல்லாம் ஒன்றாகவும் மைனஸ் எல்லாம் ஒன்றாகவும் பற்றவையுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோல் நான்குக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான் இருக்கவேண்டும். பிளஸ் வயரின் நடுவில் அது வரும். கண்ணுக்கு ஒன்று என்று வைத்தால் இரு பக்கமும் ஒருபோதும் சமமாகாது. மலிவான எல்.இ.டி. டிம்மர்கள் விளக்கை வேகமாக அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. சிலருக்கு அந்தத் துடிப்பு கண்ணை உறுத்தும். அதனால்தான் சாதாரண வயர்வவுண்ட் கண்ட்ரோலைச் சொல்கிறேன்.

பற்றவைப்பதை எல்லாம் வியூவருக்கு வெளியே முடித்துவிடுங்கள். பேக்கலைட் சூட்டைத் தாங்கும். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கும் லென்ஸும் தாங்காது. வியூவரின் உடம்பில் ஓட்டை போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பேட்டரி மூடியின் இடுக்கில் வயர் தாராளமாக வெளியே வரும். கண்ட்ரோலை ஒரு சின்ன டப்பாவில் வைத்து வயரிலேயே தொங்கவிடலாம்.

உடனடிப் பசை எதையும் உள்ளே பயன்படுத்த வேண்டாம். அது காயும்போது வரும் ஆவி லென்ஸிலும் படத்திலும் வெள்ளையாகப் படிந்துவிடும். ஸ்ட்ரிப்பின் அடியில் இருக்கும் ஒட்டு நம் சித்திரை, வைகாசி வெயிலில் இளகும் என்பதால், இரண்டு முனையிலும் மெல்லிய நைலான் டையால் கட்டிவிடுங்கள்.

6. ஒளியைப் பரப்புதல்

மஞ்சளான பழைய வெள்ளைப் பிளாஸ்டிக்குக்குப் பதிலாகத்தான் இந்த அக்ரிலிக். எல்.இ.டி.க்கும் அக்ரிலிக்குக்கும் நடுவில் குறைந்தது 10 மி.மீ. இடைவெளி வேண்டும். எல்.இ.டி.க்கள் ஒன்றுக்கொன்று 8 மி.மீ. தள்ளி இருக்கின்றன, இடைவெளி அதைவிடக் குறைந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அக்ரிலிக்குக்கும் ஸ்லைடுக்கும் நடுவிலும் சில மி.மீ. விடுங்கள். ஒட்டி வைத்தால் அக்ரிலிக்கின் மேல் இருக்கும் தூசியும் கீறலும் படத்தோடு சேர்ந்து பெரிதாகத் தெரியும்.

அறையின் உட்சுவர் கறுப்பாக இருந்தால் வெள்ளை அட்டையை வெட்டி நான்கு பக்கமும் செருகுங்கள். பெயிண்ட் அடிப்பதைவிட இது நல்லது. வேண்டாம் என்றால் உருவிவிடலாம். பளபளக்கும் அலுமினியத் தாள் வேண்டாம், கோடு கோடாக ஒளி விழும். இரண்டு கண்ணின் அறைகளுக்கும் நடுவே தடுப்பு இல்லாதபடி திறந்து விட்டால் ஒளி கலந்து, சமன் தானாகவே கொஞ்சம் கூடும்.

வியூமாஸ்டர் படம் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. கண்ணுக்கு ஒரு துண்டு போதும். விளக்கு இல்லாத வகை என்றால் எதையும் கழற்றாமல், பின்னால் இருக்கும் ஜன்னலுக்கு வெளியே இந்தப் பலகையைக் கவ்வி வைத்தாலே போதும்.

7. மின்சாரம்

பழைய இரண்டு பேட்டரியிலேயே ஓட்டலாமே என்று கேட்பீர்கள். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கே சுமார் 3 வோல்ட் வேண்டும். இரண்டு புது பேட்டரி சேர்ந்து தருவதே 3 வோல்ட். சில மணி நேரத்தில் அதுவும் இறங்கிவிடும். 12 வோல்ட் ஸ்ட்ரிப் அதில் எரியவே எரியாது.

யூ.எஸ்.பி. கேபிளைச் சொருகும் முன் மல்டிமீட்டரில் 12 வோல்ட் வருகிறதா, பிளஸ் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சில கேபிள்கள் 9 வோல்ட் தருபவை. அதில் ஸ்ட்ரிப் மினுக்கென்று மட்டும் எரியும். பலரைக் குழப்பும் சிக்கல் ஒன்றும் உண்டு: வெளிச்சத்தைக் குறைத்துச் சிறிது நேரத்தில் விளக்கு தானாக அணைந்துபோகும். பலகையில் பழுது ஒன்றும் இல்லை. இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருப்பதால், எதுவும் சொருகவில்லை என்று பவர் பேங்க் நினைத்துக்கொள்கிறது. குறைந்த மின்சாரத்துக்கென்று தனி வசதி உள்ள பவர் பேங்க் வாங்குங்கள், அல்லது செல்போன் சார்ஜரில் சொருகுங்கள்.

8. சோதனை

முதலில் ஸ்லைடு இல்லாமல் பாருங்கள். இரு பக்கமும் வெறும் வெள்ளைச் சதுரமாக, ஓரம் வரை ஒரே மாதிரி தெரியவேண்டும். இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். ஒரு பக்கம் மங்கலாகத் தோன்றினால் வியூவரைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். மங்கல் மறு கண்ணுக்கு மாறினால் குறை பலகையில். அதே கண்ணிலேயே நின்றால் குறை உங்கள் கண்ணில். வயதானவர்களுக்கு ஒரு கண்ணில் புரை தொடங்கியிருப்பது இப்படித் தெரியவருவதுண்டு. கண் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு மதுரையைவிட வசதியான ஊர் இல்லை.

செல்போன் கேமராவை லென்ஸில் வைத்துப் படமெடுத்து ஒப்பிடுவதென்றால், எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு எடுங்கள். தானியங்கியில் விட்டால் கேமராவே வித்தியாசத்தை மறைத்துவிடும்.

பிறகு இரண்டு ஸ்லைடுகள் போதும். வானம் அதிகமுள்ள ஒன்று: வானத்தில் எங்காவது இருட்டுத் திட்டு தெரிந்தால் ஒளி சீராகப் பரவவில்லை. வெயிலும் நிழலும் கலந்த ஒன்று: திருமலை நாயக்கர் மகாலின் தூண் வரிசை மாதிரி. வெயில் படும் தூணின் சுண்ணாம்பு வெள்ளையும் கடைசித் தூணுக்குப் பின்னால் இருக்கும் நிழலும் ஒரே சமயத்தில் தெரிகிற இடத்தில் கண்ட்ரோலை நிறுத்துங்கள். ஒவ்வொரு ஸ்லைடின் அடர்த்தியும் வேறு. அதனால் இதை ஒரே இடத்தில் நிரந்தரமாக வைக்க முடியாது.

பத்து நிமிடம் எரியவிட்டுப் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம். கையை எடுக்கவைக்கும் சூடு என்றால் எங்கோ ஷார்ட்.

9. எவ்வளவு நாள் ஆகும், முடித்தபின் என்ன

ஸ்ட்ரிப் வரும் ஒரு வாரத்தை விட்டுவிட்டால், சுத்தம் செய்து காயவிட ஒரு நாள், கடைக்கு அரை நாள், பலகைக்கும் பொருத்தவும் ஒரு நாள். கருவிகள் கையில் இருந்தால் மொத்தச் செலவு ரூ. 1,500 முதல் 1,800. ஒரு ரோலில் நூற்றுக்கணக்கான துண்டுகள் இருக்கும் என்பதால், வியூவர் வைத்திருக்கும் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டால் செலவு ஆயிரத்துக்குள் வந்துவிடும்.

கழற்றிய பல்பு, சாக்கெட், பழைய வெள்ளைத் தகடு, திருகுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று ஒரு சீட்டும் எழுதி வையுங்கள். விற்கும் நாள் வந்தால் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான். வியூவருக்குள் பேட்டரியை வைத்து மூடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, பொட்டலத்தை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.